நுரைக்கூட்டைக் காட்டித் தந்தவர்களுக்கு

நுவரெலியாப் பக்கத்து எங்கள் தோட்டத்து உறவுகளுக்கு, வணக்கம்.

மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் பெரியம்மாதான் முதலில் கேட்டார்: “தண்ணிப் பீலிக்கு மேல மரத்துல சவுக்கார நுரை மாதிரி ஒண்ணு தொங்குதே, அதையா தம்பி தேடுற?”

அதையேதான். பெண் தவளை பின்னங்காலால் அடித்தடித்து எழுப்பிய நுரை, உள்ளே முட்டை. பொரித்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். முதுகில் உடுக்கை போல் அடையாளம் உள்ள இந்தத் தாருகா ஈகுவிஸ் என்ற மரத்தவளை, நம் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

கோப்பிக்கு விழுந்த காடு போதாதென்று, 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை இன்னும் மேலேறியது. மிச்சக் காடு துண்டு துண்டாக நிற்கிறது. ஒரு துண்டிலுள்ள தவளை அடுத்த துண்டில் சம்பந்தம் வைக்கிறதா, சொந்தத்துக்குள்ளேயே சுற்றுகிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் மரபணுக் குறிப்பான்கள். டி.என்.ஏ.யில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு; எத்தனை தடவை வருகிறது என்பது தவளைக்குத் தவளை மாறும்.

மாதிரிக்காகத் தவளையின் விரலை நறுக்கவில்லை, பயப்படாதீர்கள். ஈரக் கையுறையில் பிடித்து, பஞ்சுக் குச்சியை வாய்க்குள் மெல்லச் சுழற்றினோம். வாயைத் திறக்கவைப்பதுதான் பெரும்பாடு. நான் அதோடு மல்லுக்கட்ட, டோர்ச் பிடித்த கங்காணி அண்ணன் என் காலில் ஏறிய அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்! அனுமதிப்பத்திரத்தோடு கூடவந்த வனஜீவி உத்தியோகத்தருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் அரைகுறை. தவளை மாதிரியே கத்திக் காட்டுவார், புரிந்துவிடும்.

முதல் மாதிரிகள் ஒரு நீண்ட மின்வெட்டில் குளிர்பெட்டியோடு போயின. தலைகுனிந்து திரும்பி வந்தேன். “மழை இனிமே பெய்யாதா என்ன?” என்றார் பெரியம்மா.

ஆய்வுகூடத்து அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அந்த இடங்களைப் பிடித்துப் படியெடுக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்தான் பிரைமர்கள்; படிகளை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் கூழ்ப்பலகைதான் ஜெல். பல பிரைமர்கள் ஜெல்லில் ஒரு கோடும் காட்டவில்லை. சில, எல்லாத் தவளைக்கும் ஒரே கோட்டைக் காட்டின, அவையும் குப்பைக்குத்தான். “வெப்பநிலையை ஒவ்வொரு பாகையா மாத்திப் பாரு” என்று இரவு வரை பக்கத்தில் நின்றார். வெவ்வேறு உயரத்தில் கோடுகள் விழுந்த அன்று இருவரும் பிளேன்டீ குடிக்க மறந்துபோனோம்.

பெரியம்மா, பீலியடி மரத்தை வெட்டவேண்டாமென்று தோட்டத்துரையிடம் நீங்களே போய்க் கேட்டீர்களாமே. அதற்கு நேரில் வந்துதான் நன்றி சொல்லவேண்டும். அடுத்த மழைக்கு வருகிறேன். ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்து வையுங்கள்.

உங்கள் தவளைத் தம்பி