மூன்று சனிக்கிழமை, ஏழரை மணி நேரம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாளும் கொடுத்தாயிற்று. மார்க் பற்றிப் பேசுவதற்கு இந்தக் கடிதம் இல்லை, அதை நேரில் பேசிக்கொள்வோம். அக்டோபர் பிறந்துவிட்டது, இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும், அப்புறம் டிசம்பர் முடிகிற வரைக்கும் டிவியில் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிடுவது நம் வேதாரண்யம் பக்கத்துக்குப் பழகிப்போனதுதான். மழை வலுப்பதற்குள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், வருகிற மூன்று சனிக்கிழமையும் காலை 10 மணியிலிருந்து 12.30 வரை, புயலிலும் வெள்ளத்திலும் செய்ய வேண்டிய வேலைகளைக் கையில் பழக்கிவிடலாம் என்று இருக்கிறோம். கட்டணம் கிடையாது. மூன்று சனிக்கிழமை, மொத்தம் ஏழரை மணி நேரம். ஏழரைச் சனி என்று ஆசிரியர்கள் அறையில் ஏற்கெனவே கிண்டல் ஆரம்பித்துவிட்டது.

இந்த யோசனை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் எட்டாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் வராததால் நான் போய் உட்கார்ந்தேன். சும்மா இருக்க வேண்டாமே என்று, அம்மா போன் நம்பரைப் பார்க்காமல் சொல்லுங்கள் என்றேன். 34 பேரில் 7 பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லாம் "அது போன்லயே இருக்கு டீச்சர்." ஒருவன் மட்டும் போனில் விளையாடும் விளையாட்டில் தன்னுடைய ஐடி எண்ணை மூச்சு விடாமல் ஒப்பித்தான், அம்மா நம்பர் தெரியவில்லை. சரி என்று சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு தீப்பெட்டி வாங்கிவரச் சொல்லி, முன் பெஞ்சுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துக் கொளுத்தச் சொன்னேன். வீட்டில் லைட்டர்தானாம். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதைப் பெட்டியின் மருந்தில்லாத பக்கத்தில் உரசினாள். மூன்றாவது பற்றிக்கொண்டதும் பயந்து தூக்கி எறிந்தாள், நல்லவேளை வெறும் சிமெண்ட் தரையில் விழுந்தது. அவளைக் குறை சொல்லவில்லை. தீக்குச்சியைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தால் சுடர் விரலை நோக்கி ஏறும், நிமிர்த்திப் பிடித்தால் மெதுவாக எரியும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்?

என் கதை அதைவிட மோசம். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய ராத்திரி. அதற்கு முன்பே பேரிடர் பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தவள் நான். வீட்டில் மூன்று டார்ச் இருந்தது. ஒன்றில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது, இன்னொன்றில் பேட்டரியே இல்லை, மூன்றாவது பரணில் எந்தப் பெட்டியில் என்று இருட்டில் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் போன் அணைந்தது, தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கை நம்பர் எனக்கும் மனப்பாடம் இல்லை. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்தக் காலத்தில் யார் வீட்டில் அடிபம்பு வைத்திருப்பார்கள் என்று தெருவே கேலி செய்த வீட்டு வாசலில் நாங்கள் எல்லோரும் குடத்தோடு நின்றோம். கரண்ட் வர எத்தனை வாரம் ஆனது என்று உங்களுக்கே தெரியும். பொருளை வாங்கிப் பரணில் போட்டுவிட்டால் ஆயத்தமாகிவிட்டோம் என்று நினைத்திருந்தேன், கையால் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. இந்த ஏழரை மணி நேரம் முழுக்க அதற்குத்தான்.

அந்த ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது. வடக்கிலிருந்து அடித்த காற்று திடீரென்று நின்றுவிட்டது. புயல் போய்விட்டது என்று எதிர்வீட்டுப் பெரியவர் மாட்டைப் பார்க்கக் கொட்டகைக்குக் கிளம்பினார், அவர் மகன் ஓடிப்போய் இழுத்துவந்தான். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து காற்று திரும்பி வந்தது, அதுவரை தாக்குப்பிடித்த தென்னைகள் இந்தத் தடவை சாய்ந்தன, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்று நாங்கள் நின்றிருந்த திண்ணையைத் தாண்டிப் பறந்தது. புயலின் கண் நம் தலைக்கு மேல் கடந்தால் அப்படித்தான், நடுவில் ஓர் அமைதி, பிறகு எதிர்த்திசைக் காற்று. இன்றைக்கு எட்டாவது படிப்பவர்கள் அன்றைக்குச் சின்னக் குழந்தைகள், இது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை வீட்டு வேலைகள். தீப்பெட்டி, அரிக்கேன் விளக்கு, மெயின் சுவிட்ச், அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து விலகுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி வைப்பது. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, இவற்றோடு வீட்டு நம்பர் இரண்டு, மனப்பாடம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண்ணுக்கு அர்த்தமும் சொல்லித்தருவோம். 10ஆம் எண் என்றால் கடும்புயல் துறைமுகத்தின் மேலேயோ மிகப் பக்கத்திலோ கடக்கும், 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. அது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்கு முக்கியம். குளத்தில், வாய்க்காலில் ஒரு பிள்ளை தத்தளிக்கும்போது காப்பாற்ற இன்னொன்று குதித்து இரண்டும் போன செய்தியை வருஷா வருஷம் பேப்பரில் படிக்கிறோம். மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவான், அது அண்ணனாக இருந்தாலும் சரிதான். அதனால் குதிக்கக் கூடாது, எறிய வேண்டும். மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேன் ஒரு பிள்ளையைத் தாங்கும். ஆனால் காலி கேனை எறிந்தால் காற்றில் திரும்பி நம் காலடியிலேயே விழும், உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு எறிந்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகும். கைப்பிடியில் கயிறு கட்டியிருந்தால் இழுத்துவிடலாம். கயிறு இல்லையா, சேலை. கரையில் நின்றுகொண்டு இழுத்தால் நாமும் உள்ளே போவோம், குப்புறப் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். இதை எல்லாம் மைதானத்தில் கோடு போட்டுத்தான் செய்யப் போகிறோம், எந்தக் குளத்திலும் யாரையும் இறக்க மாட்டோம், பயப்பட வேண்டாம்.

முடிச்சு போடச் சொல்லிக்கொடுக்க எங்களில் யாருக்கும் தெரியாது, உண்மையைச் சொல்கிறேன். ஆறுகாட்டுத்துறை, கோடியக்கரை, புஷ்பவனம் பக்கம் கடலுக்குப் போகும் அப்பாக்கள் இந்தப் பள்ளியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஈரக்கயிற்றிலும் நழுவாத முடிச்சு, இறுகினாலும் ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு, இரண்டே இரண்டு போதும். கடலுக்குப் போகாத சனிக்கிழமை யாராவது வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து நாங்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வோம்.

மூன்றாவது நாள் முதலுதவி. பேதிக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறினால் உதவிக்குப் பதில் உபத்திரவம், அதனால் கண்ணளவு கிடையாது. அடுத்தது பாம்பு. வெள்ளம் வந்தால் அதுவும் நம் வீட்டைத்தான் தேடி வரும். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது, விடிகாலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லும், இமை தொங்கும். சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்தால் போதும்.

பையன்கள் சிலர் யூடியூபில் பார்த்துவிட்டு கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கச் சொல்லித்தருவீர்களா, புழு சாப்பிடச் சொல்லித்தருவீர்களா என்று கேட்கிறார்கள். மாட்டோம். நமக்கு வருவது காற்று, தண்ணீர், இருட்டு, அப்புறம் ஒரு வாரம் கடை திறக்காதது.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் ஒருவர், பொதுத்தேர்வு வருஷத்தில் இது தேவையா, பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்களே என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் காற்று கொஞ்சம் வேகமாக அடித்து ஜன்னல் படபடத்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் பெண் ஒருத்தி அந்தப் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறாள், கஜாவுக்கு அப்புறம் அப்படி. அவளுக்கு நாங்கள் புதிதாகப் பயம் காட்ட ஒன்றுமில்லை. ஜன்னலை எப்படிக் கட்டுவது என்று தெரிந்தால் கை காதிலிருந்து இறங்கும் என்று நம்புகிறேன்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் ராத்திரி 7 மணிக்கு மெயினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள், போன் டார்ச் கூடாது. மெயினைப் பிள்ளையையே அணைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், கை ஈரமில்லாமல், காலில் செருப்போடு. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைக்கு வலிப்பு, இழுப்பு ஏதாவது இருந்தால் அதிலேயே எழுதிவிடுங்கள். சீருடை வேண்டாம். இரண்டாவது சனிக்கிழமைக்கு ஆளுக்கு ஒரு காலி கேன், மூடியோடு, அப்புறம் ஒரு பழைய நூல் சேலை. போன தடவை மாறுவேடப் போட்டிக்குப் பழைய சேலை என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை அம்மாவின் கல்யாணப் பட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது, அதனால் பையில் வைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை