லாயத்தில் தேனீ கட்டினால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்ததிலிருந்து குதிரை வைத்திருப்பவர்களிடமிருந்து நிறைய அழைப்புகள் வருகின்றன. "லாயத்துல தேனீ கட்டியிருக்கு, மருந்து அடிக்க ஆள் அனுப்புங்க" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். நாங்கள் தேன்பெட்டிக் கடைக்காரர்கள், மருந்து அடிப்பதில்லை. எங்கே கட்டியிருக்கிறது, ஒற்றைத் தேனடையா பல அடையா என்று விசாரித்துவிட்டு, தள்ளி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும், புரிகிறது. ஆனால் எந்தத் தேனீ என்று தெரியாமல் குதிரையை எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று எங்களால் சொல்ல முடியாது.

சுவர் விரிசலில் பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு, கொசு அளவுப் பூச்சிகள் போய்வந்தால் அது கொசுத்தேனீ. அதற்குக் கொட்டத் தெரியாது, அப்படியே விட்டுவிடுங்கள். வேலிச் செடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை அடை தொங்கினால் கொம்புத்தேனீ. குதிரை உரசிப் போகும் இடமாக இல்லாதவரை அதனாலும் தொந்தரவு இல்லை. மூங்கில் கூரையில் ரீங்காரமிட்டுத் துளை போடும் பெரிய கருவண்டும் தேனீ இனம்தான். அதனால் மூங்கிலுக்குத்தான் கேடு, குதிரைக்கு இல்லை.

பயப்பட வேண்டியது மலைத்தேனீக்கு. உயரமான மரக்கிளை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், கட்டட விளிம்பு என்று திறந்த வெளியில் ஒரே ஒரு பெரிய அடை கட்டும். ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும், அதன்மேல் பல்லாயிரம் தேனீக்கள் போர்வை போல மூடியிருக்கும். குளவி நெருங்கினால் அந்தப் போர்வையில் ஈக்கள் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கி அலை எழுப்பும். பளபளவென்று ஓடும் அந்த அலை எச்சரிக்கை. அடிக்கடி அலை ஓடினால் கூடு கலக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு குதிரைகளை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்திவிடுங்கள். தேன்பருந்து அடையைக் கொத்தினாலும், பக்கத்தில் மரம் வெட்டினாலும், பட்டாசு வெடித்தாலும் கூட்டம் மொத்தமாக இறங்கும்.

அப்போது ஓட வழியில்லாமல் மாட்டிக்கொள்வது கட்டிப்போட்ட குதிரைதான். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், அதிலிருந்து பழுத்த வாழைப்பழ வாசம் ஒன்று கிளம்பும். மற்ற ஈக்களுக்கு அது "இங்கே கொட்டு" என்ற அழைப்பு. ஒரு கொட்டு பத்தாவது அதனால்தான். மூக்கில் கொட்டு விழுந்தால் இன்னும் மோசம். நம்மைப் போலக் குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு வீங்கி அடைத்தால் வேறு வழியே கிடையாது. ஆகவே மலைத்தேனீ கட்டியிருக்கும் மரத்தடியில் எந்தக் காரணத்துக்காகவும் குதிரையைக் கட்டாதீர்கள். மற்ற இடங்களிலும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே போடுங்கள். கூட்டம் இறங்கிவிட்டால், உங்கள் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, குதிரையை இருட்டான, கதவு அடைக்கக்கூடிய அறைக்குக் கொண்டுபோங்கள். கொடுக்குகளை நகத்தாலோ சீப்பாலோ வழித்தெடுக்கலாம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். நிறையக் கொட்டு பட்டிருந்தாலும், மூக்கு வீங்கினாலும், அடுத்த நாட்களில் சிறுநீர் கறுத்துப் போனாலும் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

இந்தக் கூட்டைத் தீப்பந்தம் காட்டி விரட்டுவதாகச் சிலர் சொல்வார்கள். காய்ந்த புல்லும் வைக்கோலும் அடுக்கிய இடத்தில் தீப்பந்தமா? தயவுசெய்து விடாதீர்கள். மலைத்தேனீ நிரந்தரமாகத் தங்குவதில்லை, பூ குறைந்ததும் அடையை விட்டுக் கிளம்பிவிடும். லாயத்தைவிட்டுத் தள்ளி இருந்தால், குதிரை போகும் பாதையை மாற்றிவிட்டுக் காத்திருக்கலாம். தள்ளி இல்லையென்றால் இரவில் நாங்கள் வருகிறோம். அதுவரை கூட்டுக்குப் பக்கத்து விளக்குகளை எரியவிடாதீர்கள். இந்த ஈக்கள் ராத்திரியிலும் வெளிச்சத்தைத் தேடி வரும்.

சுவர்ப்பொந்தில், பழைய தீவனப் பெட்டியில், பானையில் பல அடையாகக் கட்டுவது அடுக்குத்தேனீ. எங்கள் பெட்டிகளில் வளர்வதும் இதே இனம். இதற்கு மருந்து அடிக்கக் கேட்கும்போதுதான் எங்களுக்கு மனசு தாங்குவதில்லை. 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பெட்டி பெட்டியாகக் கூட்டங்கள் அழிந்தன. பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் இந்தத் தொழில் மறுபடி துளிர்த்தது. ஆள் கவனிப்பு இல்லாமல் உங்கள் சுவருக்குள் தானாகவே தழைத்து நிற்கும் ஒரு கூட்டம் எங்களுக்குச் சொத்து. தவிர, மருந்தடித்தால் ஈ சாகும், அடை உள்ளேயே கிடக்கும். தேன் உருகி வழியும், எறும்பு வரும், மருந்து கலந்த தேனை எடுக்க வேறு கூட்டத்து ஈக்களும் வந்து சாகும்.

எங்கள் ஆள் சாயங்காலம் வந்து, அடைகளை வெட்டி, புழு உள்ளவற்றைச் சட்டங்களில் வாழைநாரால் கட்டி, ராணியோடு நியூட்டன் பெட்டி என்ற மரத் தேன்பெட்டிக்கு மாற்றுவார். வயல்வெளிக்குப் போன ஈக்கள் அடைய வேண்டுமே, அதற்காகத்தான் இருட்டும்வரை காத்திருப்பது. பெட்டியை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைப்போம். பக்கத்திலேயே வைத்தால் ஈக்கள் பழைய பொந்துக்கே திரும்பும். மெழுகைச் சுரண்டிவிட்டுப் பொந்தைப் பூசி அடைப்பது உங்கள் வேலை. அதை ஒத்திப்போடாதீர்கள், மெழுகு வாசத்துக்கு அடுத்த வருடம் இன்னொரு கூட்டம் வந்து உட்காரும்.

கூடே இல்லாத லாயங்களிலிருந்தும் ஒரு புகார் வருகிறது: தண்ணீர்த் தொட்டியில் தேனீ மொய்க்கிறது, குதிரை குடிக்க மாட்டேன் என்கிறது. வெயில் காலத்தில் கூட்டைக் குளிர வைக்க ஈக்களுக்குத் தண்ணீர் வேண்டும், ஒரு இடம் பழகினால் அதை விடாது. அவை தொட்டியைப் பழகுவதற்கு முன்பே, லாயத்துக்கு வெளியே வெயில் படும் இடத்தில் ஒரு அகலத் தட்டில் கூழாங்கல்லோ தேங்காய் மட்டையோ போட்டுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒரு நாளும் காயவிடாதீர்கள். வெல்லப்பாகு கலந்த தீவன வாளிகளுக்கு மூடி போடுங்கள்.

படம் எடுக்கும்போது கூட்டுக்கு நேர் கீழே போக வேண்டாம், கைபேசியில் பெரிதாக்கி எடுத்தாலே போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, குதிரை கட்டும் இடம் கூட்டிலிருந்து எத்தனை அடி தூரம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தேன்பெட்டிக் கடையிலிருந்து