பட்டமளிப்பு விருந்துக்கு மண்டபம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளை பட்டம் வாங்கிய கையோடு மண்டபம், கேட்டரிங், தெருமுனையில் ஃபிளெக்ஸ் என்று கல்யாணத்துக்கு நிகராகச் செலவு செய்யும் வழக்கம் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. கல்விக் கடன் தவணையே இன்னும் தொடங்காத வீடுகளில்கூட இதற்கென்று வட்டிக்கு வாங்குகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. 40 பேருக்கு வீட்டிலேயே சமைத்தால் தட்டு, தண்ணீர் கேன் உட்பட ஆளுக்கு 100 ரூபாய்க்குள் வயிறார விருந்து போட்டுவிடலாம்.

வீட்டு விருந்து பெரும்பாலும் சொதப்புவது பணம் போதாமல் அல்ல, பண்டங்கள் கூடிப்போவதால்தான். பஜ்ஜி, பூரி மாதிரி சுடச்சுடப் போட வேண்டியதை வைத்தால் அம்மா கடைசிவரை அடுப்படியை விட்டு வர முடியாது. பிள்ளையோடு ஒரு போட்டோவில்கூட அவர் இருக்க மாட்டார். கேசரி, காய்கறி பிரியாணி, தயிர்ப்பச்சடி, தயிர்சாதம், ஊறுகாய் போதும்.

பிரியாணிக்குச் சீரகச் சம்பா 4 கிலோ, காய்கறி இரண்டரை கிலோ, வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி ஒன்றேகால் கிலோ, எண்ணெயும் நெய்யுமாக 800 மில்லி. பின்னால் தயிர்சாதம் வருவதால் இந்த அளவே தாராளம். வாடகைக் கடையிலிருந்து பெரிய அண்டா எடுத்து வந்து வீட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். சின்ன பர்னரின் தீ நடுவில் மட்டும் படும்; அடி பிடிக்கும், ஓரமும் மேலும் வேகாது. அடி கனத்த பாத்திரம் இரண்டில் இரண்டிரண்டு கிலோவாகப் பிரித்து வையுங்கள். அரை மணி ஊறிய அரிசிக்குப் படிக்கு ஒன்றரைப் படி தண்ணீர். அன்றாடம் ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் வைத்துப் பழகிய கை இங்கும் அப்படியே ஊற்றும். ஆனால் அளவு பெருகும்போது ஆவியாகிப் போகும் தண்ணீர் அதே விகிதத்தில் பெருகாது, காயும் தண்ணீர் விடும், சாதம் குழைந்துவிடும். அரிசியும் தண்ணீரும் சமமாக வந்ததும் பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல்லைக் கொடுத்து, மூடி மேல் கனம் வைத்து, சிறு தீயில் 15 நிமிடம் தம் போட்டால் போதும்.

கேசரிக்கு ரவை 800 கிராம், கொதிக்கும் தண்ணீர் 3 லிட்டர், சர்க்கரை 1,200 கிராம், நெய் 400 கிராம். ரவை முழுக்க வெந்த பிறகுதான் சர்க்கரை சேர வேண்டும். முந்திச் சேர்த்தால் ரவை அதோடு வேகாது, பல்லில் நறநறக்கும்.

தயிர்சாதத்துக்கு ஒரு கிலோ அரிசியைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக இருக்கையில் 2 லிட்டர் காய்ச்சிய பாலும் ஒரு கப் தயிரும் சேர்த்துப் பிசையுங்கள். முழுக்கத் தயிரில் பிசைந்தால் வெயில் காலத்தில் பந்திக்கு வருமுன் புளித்துவிடும். பச்சடிக்கான வெங்காயத்தில் உப்பைப் பரிமாறும் நேரத்தில் போட்டால் நீர்க்காது.

பிளாஸ்டிக் பூசிய தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. பாக்குமட்டைத் தட்டு, வாடகை எவர்சில்வர் டம்ளர் போதும். இரண்டு பந்தியாகச் சாப்பிட்டால் 25 நாற்காலிக்கு மேல் தேவைப்படாது. இறக்கும்போதே எண்ணி வாங்குங்கள். மொட்டை மாடியில் என்றால் நாலு மணிக்கே தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி வரை சூடு இறங்காது. கை கழுவத் தண்ணீர் வேண்டுமே, மேல் தொட்டியை மதியமே நிரப்பி வையுங்கள்.

கறுப்பு அங்கியில் படம் எடுப்பதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். ட்யூப்லைட்டில் அங்கி முழுக்க ஒரே கறுப்பாக விழும், மடிப்பே தெரியாது. மாலை வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் நிறுத்தி, பின்னால் வெளிர் நிறப் பருத்திச் சேலையைக் கட்டினால் போதும். வீட்டின் முதல் பட்டதாரி என்றால் தாத்தா பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விருந்தில் காட்டுவதற்காக அசல் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்துவிடுகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ சான்றொப்பம் வாங்கப் போகும்போது அதன் பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கின் மேல் அது பதியாது. உரிக்கப் போனால் தாளோடு மையும் வந்துவிடும். கலர் ஜெராக்ஸை மேஜையில் வையுங்கள், அசல் பீரோவிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதானாலும் பதிவெண்ணை மறைத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விசேஷச் சமையல் பார்க்கும் வாசகி,
திண்டுக்கல்.