உப்புக்குத்தான் அவசரம், கத்திக்கு இல்லை

அன்புள்ள அல்சூர் அக்காவுக்கு,

வேண்டாம் என்பதுதான் என் பதில். பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி பிறந்திருக்கிற உங்கள் பேத்தியைப் பற்றி, "ஒரு வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா யாருக்கும் தெரியாமப் போயிடும் இல்லையா சிஸ்டர்?" என்று நீங்கள் கேட்டபோது கூடம் நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள், விளக்கமாகப் பேச முடியவில்லை. நர்ஸ் வேலையில் இருந்த காலத்தில் இதையே கேட்ட பாட்டிகள் உண்டு. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டேன்.

குழந்தைக்கு இருப்பது சி.ஏ.எச். என்கிற பிறவிக் குறை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைவு. அதனால் காய்ச்சல் மாதிரி நோயை உடம்பு தாங்க உதவுகிற கார்டிசாலும், உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிற ஆல்டோஸ்டிரோனும் போதிய அளவு சுரக்காது. ஆண் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். அது வயிற்றில் இருக்கும்போதே வேலை செய்துவிடுவதால்தான் வெளியே பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது. உள்ளே கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் இருக்கின்றன. குரோமோசோம் எக்ஸ் எக்ஸ், அதாவது பெண்ணுக்கு வழக்கமாக இருப்பது.

நீங்கள் அந்தத் தோற்றத்தைப் பார்த்து அழுகிறீர்கள். நான் பயப்படுவது உப்புக்கு. மருந்து கொடுக்காவிட்டால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி வரும், பால் குடிக்காது, எடை இறங்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறி உயிரே போகலாம். இதே குறை உள்ள ஆண் குழந்தைகளுக்கு வெளியே பெரும்பாலும் எதுவும் தெரியாது. சாதாரண வாந்தி, பேதி என்று நினைத்துவிட்டதால் இறந்துபோன குழந்தைகள் உண்டு. உங்கள் பேத்திக்குப் பிறந்த அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்ததற்குக் காரணமே அந்தத் தோற்றம்தான். அதை மறைக்கத்தான் அவசரப்படுகிறீர்கள்!

மருமகளைக் குறை சொல்வதை முதலில் நிறுத்துங்கள். இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர வேண்டிய மரபணு. உங்கள் தம்பி மகளைத்தானே மகனுக்குக் கட்டினீர்கள்? சொந்தத்தில் கட்டினால் இப்படிச் சேர வாய்ப்பு கூடுதல். அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. திட்டுவதை விட்டுவிட்டு மரபியல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஆபரேஷன். வெட்டிச் சரிசெய்த இடத்தில் உணர்ச்சி குறையலாம், தழும்பு இறுகலாம், பெரியவளானதும் மறுபடி மறுபடி மேஜையில் படுக்க வேண்டி வரலாம். டாக்டர் பெண்ணாக வளர்க்கச் சொன்னது சரி. சி.ஏ.எச். உள்ள எக்ஸ் எக்ஸ் குழந்தைகள் பெரும்பாலும் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். சிலர் அப்படி உணர்வதில்லை. இவள் எப்படி என்று இவள்தான் சொல்ல வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பெயர் வையுங்கள், காது குத்துங்கள். அதற்கெல்லாம் கத்தி தேவையில்லை. சிறுநீர் போவதில் அடைப்பு மாதிரி ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம், அதை டாக்டர் சொல்வார்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, இடைபாலினக் குழந்தைகளுக்கு, அதாவது உங்கள் பேத்தி மாதிரி ஆணா பெண்ணா என்று உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாமல் பிறக்கிறவர்களுக்கு, இப்படி ஆபரேஷன் செய்வதைத் தடுக்கவும் உத்தரவிட்டது. அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த ஆணை தமிழ்நாட்டு எல்லையான ஓசூரோடு நின்றுவிடுகிறது, அத்திப்பள்ளி தாண்டி நம் பெங்களூருக்கு வராது. ஆனால் அங்கே இருக்கிற குழந்தைக்கும் இங்கே இருக்கிற குழந்தைக்கும் உடம்பு ஒன்றுதானே?

அப்புறம், திருநங்கைகள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உங்கள் நாத்தனார் பயமுறுத்தினாராமே. குழந்தை பிறந்த வீட்டுக்கு வாழ்த்திக் காசு வாங்க வருகிறவர்கள் அவர்கள். யார் வீட்டுக் குழந்தையையும் தூக்கிப்போக வருவதில்லை. அவர்கள் கதையும் வேறு. பெரும்பாலும் ஆண் உடலோடு பிறந்து, தங்களைப் பெண்ணாக உணர்கிறவர்கள். உங்கள் பேத்திக்கு இருப்பது சுரப்பியில் குறை.

உங்கள் வேலை மாத்திரைதான். கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கிற ஹைட்ரோகார்டிசோனை டாக்டர் எழுதிய அளவுக்குப் பொடித்து, வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். உப்பைப் பிடித்து வைக்கிற ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, தீர்வதற்கு முன்பே அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்று இப்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள், ஊசி போட ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. எனக்கும் ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்