கொள்ளிடக் கழிமுகத்தின் வறட்சியை எங்களுக்கு அடையாளம் காட்டியவர்களுக்கு நன்றி

பிச்சாவரம் சுற்றுவட்டாரப் பெரியோர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அலையாத்திக் காட்டில் சூழலியல் வறட்சியை, அதாவது நன்னீர் குறைவதால் காட்டுக்கும் அதன் உயிர்களுக்கும் நேரும் பாதிப்பை, மதிப்பிடும் எங்கள் களப்பணி நிறைவடைந்துள்ளது. அறிக்கையின் முகப்பில் ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பாததால் இம்மடலை எழுதுகிறோம்.

மழை குறைந்தால்தான் வறட்சி என்பது பொதுவான கணக்கு. கழிமுகத்துக்கு அந்தக் கணக்குப் போதாது. மேற்கே நல்ல மழை பெய்த ஆண்டிலும், கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையைத் தாண்டி வரும் உபரிநீர் கடலை எட்டாத மாதங்களில் கடல் ஓதம் உள்ளே ஏறி, வெயிலில் சுண்டி, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீரைவிட வாய்க்கால் நீர் கரிப்பாகிவிடக்கூடும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்த 2016ஆம் ஆண்டை நீங்கள் நினைவுகூர்ந்து சொன்னவை, மழைப்பதிவேட்டில் இல்லாத பக்கங்களாக எங்களுக்கு அமைந்தன.

முதல் மாதம் முழுவதும் மேல்மட்ட நீரை மட்டுமே அள்ளி அளந்தோம். "மேல்தண்ணிய நம்பாதீங்க தம்பி, உப்பு கனம், அடியிலதான் நிக்கும்" என்று படகோட்டி அண்ணன் ஒருவர் துடுப்பை ஊன்றி நிறுத்திச் சொன்ன பிறகே அடிமட்ட நீரையும் எடுக்கத் தொடங்கினோம். அந்த மாதத்து அளவுகளை ஒதுக்கிவைத்தோம். தவறு முழுக்க எங்களுடையது.

பிடித்ததைப் போட்டுவைக்கும் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் அக்காமார்களுக்கு எங்கள் கடன் பெரிது. இறால்குஞ்சு உள்ளே ஏறாத மாதத்தை அவர்களின் விரல்கள் எங்கள் கருவிகளுக்கு முன்பே அறிந்திருந்தன. அவர்கள் சொன்ன அந்த மாதங்களை மதிப்பீட்டின் முதன்மைக் குறியீடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அது உபகாரமாகச் செய்ததன்று, ஆய்வுக்குத் தேவையாக இருந்தது.

வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலையைப் பறித்து நாவில் வைத்துப் பார்க்கச் சொன்ன வனக்காவலருக்கும் நன்றி. வேரால் உறிஞ்சிய உப்பை அம்மரம் இலைவழியே கசியவிடுவதைப் படித்திருந்தோம். வெயிலில் மினுங்கிய அந்தப் பொடிப்படிகத்தின் கரிப்பை அன்றுதான் உணர்ந்தோம். நிலப்பக்கம் நிற்கும் தில்லை மரங்களில் இலையுதிர்வைப் பருவந்தோறும் குறித்துத் தந்தவரும் அவரே.

அறிக்கையின் தமிழ்ப்படியை அச்சுக்கு அனுப்புமுன் படகுத்துறையில் வைக்கிறோம். வாய்க்கால்களின் பெயர்களில் பிழை இருந்தால் தயங்காமல் அதிலேயே திருத்தி எழுதித் தாருங்கள்.

நன்றியுடன்,
களப்பணிக் குழுவினர்