சனிக்கிழமை வேண்டாம், திங்கள் வா

மாப்ள,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் அப்புறம். நீ குடும்பத்தோடு சனிக்கிழமை இங்கே சென்னை பக்கத்துக் கோவளம் வருகிறாய் என்பதே தங்கச்சி போட்ட மெசேஜில்தான் தெரிந்தது. ரூம் போட்டாச்சு, சின்னவளுக்கு சர்ஃபிங் கிளாஸ் பேசியாச்சு, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்: பளிச்சென்று சூரியன் படம், மழை வாய்ப்பு பூஜ்யம். "கிளைமேட் சூப்பரா இருக்கும்போல அண்ணா" என்று கீழே ஒரு வரி. இதற்கு வாட்ஸப்பிலேயே இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம்தான். போட்டால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டு அதே சனிக்கிழமை வந்து நிற்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு. அதனால்தான் மெயில். ஆபீஸ் மீட்டிங்கில் வைத்துப் படித்தாலும் சரி, முழுசாகப் படி.

சனி, ஞாயிறு வேண்டாம். திங்கள் வா, செவ்வாயும் இருந்துவிட்டுப் போ. குழந்தைகளுக்கு லீவுதான். உனக்கு லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதே, நீ இரண்டு நாள் வராததால் எந்தக் கம்பெனியும் இழுத்து மூடியதில்லை.

விஷயம் இதுதான். போன வாரக் கடைசியில் இந்தியப் பெருங்கடலின் அடிவயிற்றில், 50 டிகிரி தெற்குப் பக்கம், ஒரு பெரிய புயல் சுற்றிவிட்டுப் போனது. நம் ஊர்ச் செய்தியில் அதெல்லாம் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை, அங்கே மனுஷனே கிடையாது. ஆனால் அந்தக் காற்று கிளப்பிவிட்ட அலை சும்மா இருக்காது. நமக்கும் அதற்கும் நடுவே கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர். ஸ்வெல் என்போம் இதை, தூரத்துப் புயல் கிளப்பிவிடுகிற நீண்ட அலை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 18 செகண்ட் இடைவெளி இருக்கிற ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், ராத்திரி பகல் பார்க்காது, டீ குடிக்க நிற்காது. கணக்குப் போட்டுப் பார், ஆறு நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவளத்தில் முதல் அலை பாதத்தை நனைக்கும். நான் காற்று, அலை காட்டுகிற விண்டி ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பதைச் சகிக்காமல் வீட்டில் போனைப் பிடுங்கி வைக்கிறார்கள்.

எல்லாத் தென்கடல் புயலும் நமக்கு அலை தந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கை குறுக்கே நிற்கிறது. நேர் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வருகிற ஸ்வெல்லில் பெரும்பகுதி அந்தத் தீவிலேயே மோதி முடிந்துவிடும். கேரளக் கரை கிழிந்துகொண்டிருக்கும், இங்கே முழங்கால் உயரத்துக்கு ஏதோ சலசலத்துக்கொண்டிருக்கும், நாங்கள் போர்டை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்போம். கொஞ்சம் தென்கிழக்காகச் சாய்ந்து வந்தால்தான் தீவின் கிழக்கு முனையைத் தாண்டி நம் பக்கம் வரும். இந்தத் தடவை அந்தப் புயல் ஆஸ்திரேலியா பக்கமாக நகர்ந்துவிட்டதால் கோணம் சரியாக விழுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற அருகம் விரிகுடாவில் காலையில் அலை ஏறினால் நமக்கு அன்று ராத்திரிக்குள் வந்துவிடும், பதின்மூன்று பதினான்கு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து யாராவது வீடியோ போட மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறேன்.

இப்போது உன் ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். அதில் கீழே ஒரு மூலையில் "அலை 1 மீட்டர்" என்று இருந்தது, பார்த்தாயா? நீ பார்த்திருந்தால் "ஒரு மீட்டர்தானே, நம்ம பாப்பா இடுப்பளவு" என்றுதான் நினைத்திருப்பாய். உயரத்தை மட்டும் பார்ப்பவன் கடலைப் பற்றி ஒன்றும் பார்க்கவில்லை. சாதாரண நாளில் இங்கே அடிக்கிற அலை ஆறேழு செகண்ட் இடைவெளி. பக்கத்துக் கடல் காற்று கிளப்பியது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் அறுபது எழுபது மீட்டர்தான் இருக்கும். பதினேழு செகண்ட் அலைக்கு அதே தூரம் 450 மீட்டர். முன்னது ஷேர் ஆட்டோ, பின்னது கூட்ஸ் வண்டி, ஆப்பில் இரண்டுக்கும் ஒரே உயரம்தான் போட்டிருக்கும். அது மட்டுமில்லை, கடலின் ஆழம் அலையின் நீளத்தில் பாதிக்குக் குறைந்ததுமே அலை தரையை உணர ஆரம்பிக்கும். கரைக்கு வெகு தூரத்திலேயே, இருநூறு மீட்டருக்கு மேல் ஆழத்திலேயே, நீண்ட அலை அடிமண்ணைத் தொட்டுவிடுகிறது, அங்கிருந்தே வளைந்து திரும்பி, மேடு எங்கே பள்ளம் எங்கே என்று பார்த்து, நம் கல்லுக்குப் பக்கத்தில் மொத்தமாக எழுந்து நிற்கிறது. கடலில் ஒரு மீட்டராக இருந்தது முனையில் என் தலைக்கு மேல் போகும்.

அதுதான் எனக்கு வேண்டியது என்பதை மறைக்க மாட்டேன். சனிக்கிழமையை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. காற்றும் சேர்ந்துகொள்கிறது பார். இந்த அக்னி நட்சத்திரக் கடைசியில் நகரத்தில் எல்லோரும் மேல்காற்றை, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்றை, திட்டித் தீர்க்கிறார்கள். ஆந்திரா பக்கம், உள்மாவட்டம் பக்கம் காய்ந்த காற்று வந்து கடற்காற்றை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், மதியம் இரண்டு மூன்று மணிவரைகூடக் கடற்காற்று வராது, மீனம்பாக்கத்தில் 41 டிகிரி என்று தலைப்புச் செய்தி வரும். அதே மேல்காற்றுதான் எங்களுக்கு ஆஃப்ஷோர். கரையிலிருந்து கடலுக்கு வீசி அலையின் முகத்தைத் தடவிக் கொடுத்து, உடையாமல் நிமிர்த்திப் பிடிக்கும். வழக்கமாக ஒன்பது பத்து மணிக்கே தென்கிழக்குக் காற்று வந்து தண்ணீரைக் கலைத்துவிடும், இந்த வாரம் மதியம்வரை கண்ணாடியாக இருக்கும் என்று தெரிகிறது. ஊரே வேகிற நாளில்தான் எங்களுக்கு நல்ல அலை. இதை வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சரி, இப்போது சீரியஸாக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் கடல் அமைதியாக இருப்பதாகத் தோன்றும். முதலில் வந்து சேர்வது இடைவெளி அதிகமான, உயரம் குறைந்த அலைகள்தான். வேகமானவை முன்னால் ஓடி வந்துவிடுகின்றன, பெரிய கூட்டம் பின்னால் வருகிறது. சனிக்கிழமையும் கடல் விடாமல் அடித்துக்கொண்டிருக்காது. ஐந்தாறு அலை ஒரு செட்டாக வரும், அப்புறம் சில சமயம் பத்து நிமிஷம்வரைகூட ஒன்றுமே வராது. அந்த இடைவெளியில்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "தண்ணி சும்மா இருக்கு, வா" என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இடுப்பளவு போவார்கள். போனதும் அடுத்த செட் வரும். வெயில் அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது, பயப்படவே தோன்றாது. மழையும் இடியுமாக இருந்தால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். ஆளை இழுக்கிற நாள் இந்த மாதிரி பளிச்சென்ற நாள்தான்.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில், லெமூர் கடற்கரையில், கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போனார்களே, நினைவிருக்கிறதா? அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தது. இந்த மாதிரி தூரத்து ஸ்வெல் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த எச்சரிக்கை மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, கரையில் குழந்தைகளோடு யாராவது போன் எடுத்து நீட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போனால் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இன்னொன்று, கற்களுக்குப் பக்கத்தில் ஒரு இடம். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்கும், நடுவில் மட்டும் உடையாது. மணல் கலந்து பழுப்பாக, மேல்பரப்பு லேசாகச் சுருங்கி, நுரைத் துண்டுகள் கரைக்கு வராமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். பார்க்க அதுதான் குளிக்கத் தோதான இடமாகத் தெரியும். கரையில் வந்து குவிந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாசல் அது. அங்கே நின்றால் காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போவது தெரியும். மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தவே கூடாது, ஒலிம்பிக் வீரனாலும் முடியாது. மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அலை உடைகிற இடத்துக்குப் போய்விட்டால் அலையே கொண்டுவந்து போடும். இதைச் சின்னவளுக்கு நீ சொல்லாதே, நீ சொன்னால் கேட்க மாட்டாள், நான் மணலில் கோடு போட்டுக் காட்டுகிறேன். முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் மட்டும் எந்த நாளிலும் கூட்டிப் போகாதே. படகு விட்டால் போதும்.

பௌர்ணமி வேறு கிட்டத்தில் வருகிறது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, பௌர்ணமி அமாவாசைக்கு ஒரு மீட்டர் பக்கம் வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏற்றமும் இந்த ஸ்வெல்லும் சேர்ந்து வந்தால், ஃபைபர் படகு ஏற்றி வைத்திருக்கிற இடம்வரை தண்ணீர் போய் நக்கிவிட்டு வரும். குப்பத்தில் இருக்கிறவர்களுக்கு இதை ஆப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நேற்றே இரண்டு பேர் வலையை மேலே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பெரிய விஞ்ஞானி மாதிரி வெள்ளிக்கிழமை கதையை ஆரம்பித்தேன், அதில் பெரியவர் "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எப்படி? ஸ்வெல் இறங்கிவிடும், இடைவெளி பன்னிரண்டு பதின்மூன்று செகண்டுக்கு வந்துவிடும், உள்பக்கம் இடுப்பளவு வெள்ளை நுரை ஒழுங்காக உருண்டு வரும். முதல் தடவை ஏறுகிறவளுக்கு அதைவிட நல்ல கடல் கிடைக்காது. கிளாஸ் எடுக்கிற பையன்களிடம் நானே பேசிவிட்டேன், கிளாஸைத் திங்களுக்கு மாற்றித் தந்துவிட்டார்கள். சனிக்கிழமை அவர்களே புதிதாக வருகிறவர்களை இறக்க மாட்டார்கள். இந்தக் குப்பத்துப் பையன்கள்தான், இங்கே சர்ஃபிங் பள்ளி ஆரம்பித்த மூர்த்தி மேகவன் காலத்திலிருந்து இங்கே சர்ஃபிங்கைத் தூக்கி நிறுத்தியவர்கள், கடலை அவர்கள் பார்க்கிற பார்வை வேறு. காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். ஆறு என்றால் ஆறு, உன் கல்யாணத்து முகூர்த்த நேரம் மாதிரி கிடையாது. எட்டரைக்கு மேல் குழந்தைக்கு வெயில் தாங்காது.

ரயில் கிடைக்காது, லீவு சீசன். பஸ் ஏறு, கிளாம்பாக்கத்தில் இறங்கு. சென்னைக்குள் வரவே வேண்டாம், வண்டலூர், கேளம்பாக்கம், அப்படியே நேராகக் கோவளம். நம்ம மொட்டைப் பயல் மாதிரி திருவனந்தபுரத்தில் இறங்கி "கோவளம் வந்துட்டேன்டா" என்று போன் பண்ணாதே. ரூம்காரன் பணம் திருப்பித் தரமாட்டேன் என்றால் நம்பரை எனக்கு அனுப்பு. அவளுக்கு முழுக்கை சட்டை எடுத்து வா, வெயிலுக்கும் ஆச்சு, சொறி (ஜெல்லிமீன்) பட்டாலும் அரிப்பு குறையும். சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து இடியோடு கிளம்பி வரும், போர்டில் உட்கார்ந்திருந்தால் கடலில் உயரமான பொருள் நீதான்.

மீன் ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், தடைக்காலம் ஜூன் 14 வரை. விசைப்படகு போகாது, ஃபைபர் படகில் வருகிறதுதான். வஞ்சிரம் விலையைக் கேட்டு நீ மயங்கி விழுந்தால் உன்னைத் தூக்க ஆள் வேண்டும். சங்கரா, நெத்திலி கிடைத்தால் வீட்டில் வறுத்துவிடலாம். சனிக்கிழமை கடல் இப்படி இருந்தால் அவர்களும் போகப்போவதில்லை, அதற்கும் திங்கள்தான் நல்லது.

ஆடிட்டர் பேசினானா? எனக்கு இரண்டு தடவை மிஸ்டு கால், திருப்பிக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வீடு மாற்றுகிற விஷயமாக இருக்கும், இல்லை பழைய விஷயமாக இருக்கும். பழைய விஷயம் என்றால் நேரில் பேசிக்கொள்ளலாம், போனில் வேண்டாம். உன் அப்பாவுக்கு முட்டி எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாரா, இல்லை இன்னும் அந்த எண்ணெய்தானா? அவரையும் கூட்டி வந்தால் நல்லது, கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாம். உன்னைவிட அவருக்குக் கடல் புரியும், நொய்யலில் கால் நனைத்ததோடு சரி நீ.

மொட்டையும் வருகிறேன் என்கிறான். அவனைத் தண்ணீரில் இறக்குகிற பொறுப்பு உன்னுடையது. அவன் வயிற்றுக்கு ஏற்ற அளவில் இங்கே யாரிடமும் சட்டை கிடையாது, நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உன்
மாப்ள