செராமிக் கிரில்லுல மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வீட்டுப் பின்பக்கம் பார்பிக்யூ போடறது பத்தி வந்த குறிப்பைப் படிச்சேன். மசாலா எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருந்தீங்க, ஆனா கரி பிடிக்கலன்னா கொஞ்சம் மண்ணெண்ணெய் இல்ல லைட்டர் ஃப்ளூயிட் தெளிச்சுக்கலாம்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர். தகர கிரில்லுக்கு அது எப்படியோ போகட்டும், செராமிக் கிரில்லுக்கு ஆகவே ஆகாது.

நான் இருக்கிறது அட்லாண்டா பக்கம். முட்டை மாதிரி உருண்டையா, தடிமனா இருக்கிற அந்த செராமிக் கிரில்லை இங்க நிறைய வீட்ல பாக்கலாம். ஜப்பான்காரங்களோட கமடோ அடுப்பு வழியில வந்தது, 1974ல எட் ஃபிஷர்னு ஒருத்தர் இந்த கிரில்லை விக்கிற பிக் கிரீன் எக் கம்பெனியை ஆரம்பிச்சது இந்த ஊர்லதான். கிரில்லோட உள்பக்கத்துல கிளேஸ்ங்கிற வழவழப்பான பூச்சு கிடையாது, நம்ம மண்சட்டி மாதிரியே உறிஞ்சிக்கும். மீன் குழம்பு வச்ச சட்டியில யாராவது பால் காய்ச்சுவாங்களா? ஒரு தடவை மண்ணெண்ணெயைக் குடிச்சிடுச்சுன்னா அப்புறம் எத்தனை கோழி சுட்டாலும் அந்த வாடைதான்.

சின்ன வயசுல எங்க தெருவுல இஸ்திரி வண்டி வச்சிருந்த அண்ணாச்சி கொட்டாங்குச்சி கரியில ஒரே ஒரு கங்கைப் போட்டுட்டு விசிறிக்கிட்டே எங்கம்மாகிட்ட ஊர்க்கதை பேசிட்டிருப்பார், கதை முடியறதுக்குள்ள பெட்டி முழுக்க செவந்திருக்கும். இதுவும் அதே கதைதான் சார். பழைய சாம்பலை கீழ்க் கதவு வழியா சுரண்டி எடுத்துடணும், அது அடைச்சுக்கிட்டா காத்து ஏறாது, பாதிப் பேர் கரி சரியில்லன்னு திட்டறது இதனாலதான். சாம்பல் கம்மியா விழற மரக்கரியில பெரிய துண்டை அடியிலயும் பொடிசை மேலயும் போட்டு, நடுவுல மெழுகும் மரத்தூளும் சேர்த்த கட்டி ஒண்ணை வச்சுப் பத்த வச்சு, மூடியைத் திறந்தே ஒரு பத்து நிமிஷம் விட்டுடுங்க. எல்லாக் கரியையும் ஒரே நேரத்துல பிடிக்க வச்சிடக் கூடாது. மெதுவா வேக வைக்க 225 டிகிரி ஃபாரன்ஹீட்தான் வேணும், அது 500க்குப் போயிடுச்சுன்னா அந்தத் தடிச்ச சுவர் சூட்டை லேசுல விடாது, விருந்தாளி வந்து உக்காந்திருப்பாங்க நீங்க தெர்மாமீட்டரையே பாத்துட்டு நிக்கணும் (அனுபவம்). வெள்ளையா அடர்த்தியா வர்ற புகை அடங்கற வரைக்கும் கறியை வைக்காதீங்க, கசக்கும்.

இன்னொண்ணு உங்க குறிப்புல இல்லவே இல்ல. மேல கீழ ரெண்டு காத்து வழியையும் நல்லா குறைச்சு வச்சிருந்தப்போ நான் ஒரு தடவை மூடியை சட்டுனு தூக்கிட்டேன், காத்துக்கு ஏங்கிட்டிருந்த நெருப்பு புஸ்ஸுனு மேல வந்து வலது கை முடி மொத்தமும் போச்சு, புருவத்துலயும் பாதி. நீறு பூத்த நெருப்புன்னு பாட்டி சொல்லும்போதெல்லாம் அது யாரோட கோவத்தைப் பத்தியோன்னுதான் நினைச்சிருந்தேன். இப்பல்லாம் ரெண்டு விரல் அளவு மட்டும் தூக்கி, கொஞ்சம் காத்தை உள்ள விட்டு, சில செகண்ட் கழிச்சுத்தான் முழுசா திறக்கறது.

மழை வந்துச்சுன்னு அடுப்பை கராஜுக்குள்ள தள்ளிட்டுப் போற ஆளுங்களும் இருக்காங்க, கரிப்புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளையே கொன்னுடும். அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அந்த மண்ணெண்ணெய் வரிக்கு ஒரு திருத்தம் போட்டுடுங்க சார், சின்ன எழுத்துல இல்லாம கண்ணுல படற மாதிரி.

இப்படிக்கு,
அட்லாண்டாவிலிருந்து ஒரு வாசகன்